வாசனை போன வீட்டில் வளர்ந்த செடிகள்

ரசம் நுரை கட்டும் நேரத்தில்தான் எனக்கு வாசனை போயிருப்பது தெரிந்தது. கொரோனா இரண்டாவது முறை ஊரை உலுக்கியபோது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்து ஒன்றாகவே விட்டது. எழுந்து நடமாடிய முதல் நாள் ஆசையாக மிளகு ரசம் வைத்தேன். பெருங்காயத்தூள் போட்டேன், மணமே இல்லை. கடைக்காரன் மாவைக் கலந்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டேன். கடைசியில் டப்பாவையே மூக்கில் கவிழ்த்துக்கொண்டேன். தும்மல் வந்ததே தவிர வாசனை வரவில்லை. கடைக்காரன் மேல் தப்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

போனால் போகட்டும் என்று விட்டுவிட நான் ஒன்றும் பேங்கில் வேலை பார்க்கவில்லை. லாஸ்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஆபீஸ் போகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு செய்து கேரியரில் கொடுக்கிறேன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு டெம்போ ஓட்ட ஆரம்பித்த என் வீட்டுக்காரர் கேரியர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எங்கள் குடும்பம் ஓடுவது என் அடுப்பில்தான். அடுப்போ என் மூக்கை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தது. உப்பு பார்க்க மட்டும்தான் எனக்கு நாக்கு வேண்டும். பருப்பு வெந்ததையும், மசாலா பச்சை வாடை போனதையும், தேங்காய் ஊசத் தொடங்குவதையும் மூக்குதான் சொல்லும். வாசலில் நின்றே கொல்லையில் எது கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஆகிவிட்டது.

"உங்களுக்கு வாசனை தெரியுதா?" என்று அவரைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா கேடு, நல்லாத்தான் தெரியுது" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. அன்று முதல் அடுப்பை விட்டு எதை இறக்கினாலும் ஒரு கரண்டி அவர் உள்ளங்கையில் ஊற்றுவேன். அவர் முகர்ந்து பார்த்து, நக்கிப் பார்த்து, கண்ணை மூடித் தலையாட்டுவார். "பிரமாதம், மூடு" என்பார். மூடிக் கேரியரில் அடைப்பேன். ஒரு நாள் தேங்காய்ச் சட்னி ஊசிப்போய் அப்படியே போய்விட்டது. ஒரு பையனுக்கு வயிறு கலங்கி அவன் ரூமே கேரியரை நிறுத்தியது. "மூக்கை வெச்சிக்கினு இன்னா பண்ணினீங்க?" என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் டெம்போவைத் துடைக்கப் போய்விட்டார்.  இன்னொரு தடவை இப்படி ஆனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான் என்று அவரிடமே சொன்னேன். வெறும் மிரட்டலுக்குச் சொல்லவில்லை, அணைத்தே இருப்பேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு டாக்டரம்மாவைப் பார்த்தேன். சின்னப் பெண், என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டது. மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தினமும் காலையும் மாலையும் நாலைந்து வாசனைகளை முகர்ந்து பார்க்க வேண்டும், முகரும்போது அது எப்படி இருக்கும் என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும், மூக்குக்குப் பழக்கம் திரும்பலாம் என்றது. "வரும்னு சொல்றீங்களா, வராதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "சில பேருக்கு வருதும்மா, விடாம செய்யுங்க" என்றது.

பாட்டிலில் விற்கிற எண்ணெய் எல்லாம் எனக்குச் சரிப்படாது. இலையாக இருந்தால் முகர்ந்ததும் குழம்பில் போடலாமே! அப்படித்தான் மொட்டை மாடியில் செடி வைக்க ஆரம்பித்தேன். அதுவரை எங்கள் வீட்டில் செடி என்றால் ஜன்னலில் பாட்டில் தண்ணீரில் தொங்கிய ஒரு மணி பிளான்ட் மட்டும்தான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் உடைந்த தெர்மோகோல் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அவற்றை டெம்போவில் அள்ளிக்கொண்டு வந்தார். அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் கலந்து, துளசி, புதினா, கற்பூரவள்ளி, கொத்தமல்லி, எலுமிச்சைப்புல் என்று வைத்தேன். மீந்த பெட்டிகளில் குழம்புக்கு ஆகும் என்று அவரை, பாகல், கத்தரி, மிளகாய் விதைகளையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் வைத்தேன்.

காலையில் கேரியர் வேலை தொடங்குமுன் மாடிக்குப் போவேன். ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்து, "இது புதினா, பிரியாணியில போடறது" என்று மூக்குக்குச் சொல்லிக் கொடுப்பேன். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதுபோலத்தான். அது படிக்கிற பிள்ளையாக இல்லை. மாதக்கணக்கில் ஒன்றுமே வரவில்லை. சில நாள் இலையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

ஆனால் மூக்குக்காகக் காத்துக்கொண்டு நின்ற இடத்தில் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. மண்ணைத் தள்ளிக்கொண்டு அவரை விதை எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாற்பத்தைந்து வயது, வாழ்நாளெல்லாம் அவரைக்காய் நறுக்கியிருக்கிறேன், அது எப்படிப் பிறக்கிறது என்று தெரியாது! கூன் போட்ட முதுகால் மண்கட்டியைத் தூக்கி, அப்புறம் மெதுவாகத் தலையை வெளியே இழுத்து, விதைத் தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டே நிமிர்ந்தது. அந்த மண்கட்டியை விரலால் எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம். இத்தனூண்டு முளை இதை எப்படித் தூக்கியது? அம்மாடி என்று சத்தமாகவே சொன்னேன். கீழே அடுப்பில் அரிசி வெந்துகொண்டிருந்தது, எனக்கோ எழுந்து போக மனம் வரவில்லை.

பாகல் கொடி இன்னும் மோசம், என்னைப் பைத்தியமாகவே ஆக்கியது. அதன் பற்றுக்கம்பி சும்மா காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டு, கேரியர் கட்டி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அதைக் கண்டுபிடித்துச் சுற்றியிருக்கும். கண் இருக்கிறதா அதற்கு? கயிறு அந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் சொன்னது? கயிற்றைப் பிடித்த பிறகு நடுவில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கொடியையே பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். கடல்காற்று அடித்தால் ஸ்பிரிங் நீண்டு சுருங்கும், கொடி அறுந்துபோகாது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சாப்பாடு எடுக்க வந்த ஒரு பையனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ஆமாம் ஆன்ட்டி, சூப்பரு" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தான். அவனைச் சொல்லி என்ன, நானும் இத்தனை வருடம் அப்படித்தானே இருந்தேன்.

மூக்கு இல்லாததால் விரல் பேச ஆரம்பித்தது. கற்பூரவள்ளி இலை வெல்வெட்டுத் துணி. எலுமிச்சைப்புல் கையை அறுக்கும். துளசியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், புதினாவும் அப்படியேதான். இரண்டும் சொந்தமோ என்று கூடத் தோன்றியது. கறிவேப்பிலைக் கன்றில் ஒரு புழு இருந்தது. முதலில் காக்கை எச்சம் என்று நினைத்தேன். தட்டிவிடக் கையை நீட்டினால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி என்னை மிரட்டியது! ஒரு நாற்றம் விடுமாம், கிட்டே வருகிறவர்கள் ஓடிவிடுவார்களாம். என்னிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. இலையைத் தின்றுபோகட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் அது கருப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சியாகி, ஈர இறக்கையைக் காயவைத்துக்கொண்டு அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அன்றைக்குக் கீழே பூசணிக் கூட்டுக்கு உப்புப் போட மறந்தேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மீன் விவகாரம் வந்தது. மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அங்கே எல்லோரும் மீன் அமிலம், மீன் அமிலம் என்று ஒரே பேச்சு. மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் சமமாகக் கலந்து மூடி வைத்தால் ஊறி உரமாகும், ஒரு மூடி உரத்தை வாளித் தண்ணீரில் கலந்து தெளித்தால் செடி தளதளவென்று வரும். எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? நாற்றம் போய்ப் பழ வாசனை வரும், அப்போது எடுக்கலாம். என்னைப் போன்றவளுக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது!

அதுவும் நான் தேர்ந்தெடுத்தது புரட்டாசி மாதம். ஊரில் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள், துறையில் மீன் மலிவாகக் கிடக்கும், குடலும் செதிலும் கேட்பாரில்லை. நாங்களும் புரட்டாசி பிடிக்கிறவர்கள்தான். "நாமதானே சாப்பிடக்கூடாது? செடிக்கு இன்னா விரதம்?" என்று வீட்டுக்காரரை அனுப்பிக் கழிவை வாங்கிவரச் சொன்னேன். நீல ட்ரம்மில் கலந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறுக மூடி வைத்தேன்.

நாளுக்கு ஒரு முறை அவரை மேலே அனுப்புவேன். "பழ வாசனை வருதா பாருங்க." அவர் மூடியைத் திறந்து, குனிந்து, நன்றாக இழுத்து முகர்ந்து, "இன்னும் வரல" என்பார். ஒரு நாள், "லேசா வாழப்பழ வாசன வர்ற மாதிரி இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி இறுக்கமாக மூட வேண்டியதில்லை என்று ஒரு துணியை மட்டும் கட்டிவிட்டு, வடிகட்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டில், எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அம்மா இருக்கிறார்கள். அவர்கள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவரை இங்கே சொல்தா என்போம், எங்கள் தெருவில் சொல்தா வீடு என்று கேட்டால் குழந்தைகூடக் காட்டும். புரட்டாசி சனிக்கிழமை, அந்த அம்மா பெருமாளுக்குத் தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றியிருக்கிறார்கள். கோவிந்தா சொல்ல வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே வருகிறது. எலி செத்துவிட்டது என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது. நானும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பரணை இறக்கினோம், பீரோவை நகர்த்தினோம், சொல்தா ஐயாவின் பழைய இரும்புப் பெட்டியைக்கூடத் திறந்தோம். என் வீட்டுக்காரர் டார்ச்சை அடித்துச் சாக்கடையில் குச்சியை விட்டுக் குத்தி, "இங்கதாங்க வருது, அடிக்குது பாருங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். சாக்கடை மூடியையே பெயர்த்துப் போட்டோம். ஒன்றும் இல்லை.

அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு படியேறினார்கள். நேராகப் போய் நீல ட்ரம் முன்னால் நின்றார்கள்.

"ஏம்மா, நீயெல்லாம் மனுஷிதானா? பெருமாளுக்குப் போட்ட எலையில மீன் நாத்தம் அடிக்குதே!"

"பழ வாசன வந்துடுச்சின்னு சொன்னாரும்மா..."

"பழமா? யாரு சொன்னது, அந்த மனுஷன மொதல்ல கூப்டு!"

அவர் வந்து தலையைச் சொறிந்து, அப்போது வந்தது, இப்போது மாறிவிட்டது போல என்று மென்று முழுங்கினார். குனியச் சோம்பேறித்தனப்பட்டுப் பொய் சொல்லியிருக்கிறார் என்று நான் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். ட்ரம்மை டெம்போவில் ஏற்றி அரியாங்குப்பத்தில் அவருடைய தம்பி வீட்டுத் தென்னைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். ஐப்பசி மழையெல்லாம் முடிந்த பிறகு தம்பி பொண்டாட்டி போன் செய்து, இப்போது பலாப்பழ வாசனை அடிக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்று சொன்னாள். ஒரு பாட்டில் கொண்டுவந்து, பயந்து பயந்து தெளித்தேன்.

கத்தரி இலை என் உள்ளங்கையைத் தாண்டியது. மிளகாய்ச் செடி பூத்துத் தள்ளியது. அழுகிய குடலும் செதிலும் எந்த வழியாகப் போய் இந்தப் பச்சையாகவும் வெள்ளைப் பூவாகவும் வெளியே வந்தன? நானும் இத்தனை வருடம் சமைக்கிறேன், ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் என் தொழில் என்று நினைத்திருந்தேன். இதற்கு முன்னால் என் சமையல் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது. கோபம் தணிந்த வீட்டுக்கார அம்மாவே ஒரு நாள் படியேறி வந்து, "அந்தத் தண்ணி என் ரோஜாவுக்குக் கொஞ்சம் ஊத்தேன்" என்றார்கள்.

தக்காளி நாற்றும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தது. மாசி மாதத்தில் காய் பிடித்திருந்தது. தக்காளியில் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் வேண்டாத கிளை கிளம்பிக்கொண்டே இருக்கும், அதைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நாள் காலை பனி இன்னும் காயவில்லை. கிள்ளிக்கொண்டே வந்தவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனேன்.

ஏதோ வந்தது.

என்னவென்று தெரியவில்லை. பயந்தேபோனேன். யாரோ பின்னால் வந்து நின்றதுபோல் திரும்பிப் பார்த்தேன். மறுபடி விரலை மூக்கில் வைத்தேன். காரம் போல, பச்சைத் தண்டு முறிந்தது போல, கொஞ்சம் மண்ணெண்ணெய் போலக்கூட இருந்தது. விரல் நுனியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கறை பிடித்திருந்தது. இன்னொரு இலையைக் கசக்கினேன். வந்தது! இலைதான்! ஓடிப்போய்த் துளசியைக் கிள்ளினேன், வரவில்லை. புதினா வரவில்லை. கற்பூரவள்ளி, அதன் கூச்சலே ஊருக்குக் கேட்கும், அதுவும் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த ஒன்றுமே வரவில்லை, சொல்லிக் கொடுக்காத தக்காளி இலை தானாக வந்து நின்றது. திரும்பத் தக்காளியிடம் வந்தேன், இருந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சத்தம் கேட்டு அவர் லுங்கியோடு ஓடிவந்தார். "ஏய், இன்னா ஆச்சி? யாராவது போயிட்டாங்களா?"

"வாசன வருதுங்க! தக்காளி எல வாசன!" அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். "மோந்து பாருங்க, இதுதானே? நான் சொல்றது சரிதானே?"

அவர் என் கையைப் பிடித்து மூக்கோடு வைத்து முகர்ந்தார். கண்ணை மூடினார். வழக்கம்போலத் தலையாட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஆடவில்லை. இன்னொரு முறை இழுத்து முகர்ந்தார்.

"எனக்கு வரலடி" என்றார்.

"கசக்கினது பழசாயிடுச்சி, வேற எல..."

"எதுவுமே வரல. உனக்குப் போச்சில்ல, அன்னைக்கே எனக்கும் போயிடுச்சி."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வந்தது ஆத்திரம்தான். "அட பாவி மனுஷா! அப்போ இத்தன நாளா உள்ளங்கையில ஊத்தி ஊத்திக் குடுத்தேனே, இன்னா பாத்தீங்க?"

"உப்பு, புளிப்பு, காரம் தெரிஞ்சிது. மத்தது தெரியல."

"ஏன் சொல்லல?"

"நானும் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே அடுப்ப அணச்சிருப்ப. அணச்சிட்டு படுத்திருப்ப. உன் கைய எனக்குத் தெரியும், அது தப்பு பண்ணாது. ஒரே ஒரு வாட்டி சட்டினி ஏமாத்திடுச்சி, அன்னையில இருந்து தேங்கா ஒடச்ச ஒடனே ஒரு துண்டு மென்னு பாத்துக்குவேன்."

 ரசமும் காரக்குழம்பும் பொரியலும் இத்தனை காலம் ஒரு மூக்கும் பார்க்காமல்தான் இந்த வீட்டிலிருந்து போயிருக்கிறது. சாப்பிட்டவர்கள் கேரியரைத் திருப்பித் தரும்போது, "ஆன்ட்டி, உங்க கைமணமே தனி" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் முகர்ந்து சொல்கிறார் என்ற தைரியத்தில் நான் சமைத்தேன். என் கையை நம்பி அவர் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாமலே என் கை தனியாக நின்று சமைத்திருக்கிறது! இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். இது என் கைதானா என்று இருந்தது. அப்புறம் அவரைப் பார்த்தேன். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவரையும் இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். தக்காளிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, வராது என்று தெரிந்தும் மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்குது, சொல்லேன்" என்றார்.

நான் முகர்ந்தேன். சொல்லப் பார்த்தேன். காரமாக இருக்கிறது என்றேன், அது இல்லை. பச்சையாக இருக்கிறது என்றேன், அதுவும் இல்லை. "இருங்க, சரியா சொல்றேன்" என்று மறுபடி முகர்ந்தேன். அவர் இலையை மூக்கிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.